பன்னிரண்டு தூண்களும் கைருன்னிசாவின் நாக்கும்

கைருன்னிசாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவள் பயந்தவள் என்பதுதான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அரிப்பு என்கிற அந்தக் கடற்கரை ஊரில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். வெள்ளை வாகனத்தைக் கண்டால் பயம். கையில் பைல் வைத்திருக்கிற மனிதரைக் கண்டால் அதைவிடப் பயம். கிராமசேவகர் கந்தோரில் பெயரைக் கூப்பிட்டால், ஓம் என்று சொல்லுவதற்குள் தொண்டை காய்ந்துவிடும். பதினாலு வயதில், சண்டைக் காலத்தில் ஊர் முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது, ஒரு பையோடு கிளப்பப்பட்டு, கற்பிட்டிக்குப் போகிற வள்ளத்தில் ஏறியவள். இருபது வருடம் புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் இருந்துவிட்டு, சண்டை முடிந்த அடுத்த வருடம் புருஷன் சனூனோடு திரும்பி வந்தவள். இதையெல்லாம் படாதவர்கள், "இதுக்கெல்லாம் ஏன் பயப்பிடுறியள்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2012இல் அரிப்புக் கரையோரம் ஒரு பல்கலைக்கழகம் தன் கடல்வளப் பிரிவுக்கு மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைத் தொடங்கியது. கீழே வகுப்பறைகள், மேலே இரண்டு மாடியும் படிக்க வருகிற பெண்பிள்ளைகளுக்கு விடுதி. கட்டடத்துக்கான பணத்தில் பாதியை அரசாங்கத் திறைசேரி தரும். மற்றப் பாதியை ஓர் அரச வங்கி கடனாகத் தரும். இரண்டும் ஒரேயடியாகத் தந்துவிடுவதில்லை. அத்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, கீழ்மாடித் தூண்கள் எழும்பினால் ஒரு பங்கு, அதற்குமேல் தட்டுப் போட்டால் ஒரு பங்கு. ஒவ்வொரு தடவையும் வங்கியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து விழுந்தால் வங்கி பண முடிச்சை அவிழ்க்கும். வங்கி அவிழ்த்தால்தான் திறைசேரி அவிழ்க்கும். கலியாணப் பந்தியில் மற்றவர் முதலில் கைவைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு சம்பந்திகளைப் போலத்தான். வருடம் முடிவதற்குள் எடுக்காத பணம் கொழும்புக்கே திரும்பிப் போய்விடும். இதையெல்லாம் கைருன்னிசாவுக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லவில்லை. வேலைத்தலத்தில் நாற்பது பேரும் காலையிலும் பின்னேரத்திலும் இதைத்தான் கதைத்தார்கள். அவர்களுடைய சம்பளம் அந்தக் கையெழுத்தில் தொங்கியது.

கைருன்னிசாவின் வேலை, கொட்டிய கொங்கிறீற் வெயிலில் காய்ந்து வெடிக்காமல் நாளுக்கு நாலு தரம் தண்ணீர் விடுவது. ஆனால் அவளை எல்லாரும் மதித்தது வேறொன்றுக்காக. கடற்கரை மண்ணில் உப்பிருக்கும். உப்பு உள்ளே போனால் கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். லொறிக்காரர்கள் ஆற்று மண் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு கரை மண்ணைக் கொட்டுவார்கள். அதனால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது மேசன்மாரின் வழக்கம். அங்கே தலைமை மேசன் பேசாலை ஊரவரான சந்தியோகு. அவருக்கு நாள் முழுக்க வெற்றிலையும் சுண்ணாம்பும். அவருடைய நாக்கில் உப்பை அல்ல, காரமான கொச்சிக்காயை வைத்தாலும் தெரியாது. ஒருநாள் கைருன்னிசா தானாகவே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்துத் துப்பிவிட்டு, "அண்ணன், இது கரை மண்" என்றாள். லொறிக்காரன் துள்ளிக் குதித்தான். எஞ்சினியர் கபிலன் அந்த மண்ணைச் சோதனைக்கு அனுப்பினான். அவள் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு மண்ணென்றாலும் தண்ணீரென்றாலும் கைருன்னிசா சொன்னால்தான் மிக்சருக்குள் போகும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆம்பிளைகள் நாலு பேர் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்லுகிற மற்றதெல்லாம் நியாயமாக இராது.

அத்திவாரம் நல்லபடியாக முடிந்தது. வங்கி முதல் பங்கை விட்டது. தூண்களுக்குக் கம்பி கட்டிப் பலகை அடித்து நிமிர்ந்தபோது, தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் நின்றுபோனது. அந்த வருடம் மழையே இல்லை. கச்சான் காற்று மண்ணை வாரிக் கண்ணுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீரையே வீட்டுக்கு வீடு அளந்து ஊற்றினார்கள். கொங்கிறீற்றுக்கு யார் தரப்போகிறார்கள்?

வேலைத்தலத்துக்குப் பக்கத்துக் காணி கைருன்னிசாவின் வாப்பாவுடையது. கண்ணிவெடி எடுத்து அதைத் திருப்பி விட்டதே அந்தச் சித்திரையில்தான். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. கிணறு மட்டும் இருந்தது. இருபது வருடத்தில் அங்கே தங்கிப்போன யாரோ அதை இயந்திரம் வைத்து ஆழமாக்கியிருந்தார்கள். கபிலன் பற்றையை வெட்டுவித்து, ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, இதை ஒருக்கா பாருங்கோ."

"நான் நோன்பு, சேர்."

"நாக்கில வைச்சிட்டுத் துப்பலாந்தானே?"

துப்பலாம்தான். மார்க்கம் தெரிந்தவர்கள் அதில் குற்றமில்லை என்பார்கள். ஆனால் பயந்தவளுக்கு எல்லாவற்றிலும் பயம். ஒரு சொட்டு உள்ளே போனால் அன்றைய நோன்பு போய்விடும் என்று நினைத்தாள். அதோடு, கிணறு வாப்பா வெட்டியது. அதைச் சோதித்துப் பார்ப்பதே வாப்பாவுக்கு மரியாதைக் குறைவு என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது.

"அது எங்கட வாப்பாட கிணறு, சேர். ஊர் முழுக்கக் குடிச்ச தண்ணி. கற்கண்டு மாதிரி இருக்கும். பயமில்லாம எடுங்கோ."

சந்தியோகு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கபிலனைப் பார்த்தார். "சோதனைக்கு அனுப்பவேண்டாமே, தம்பி?"

"அனுப்பி மறுமொழி வர ரெண்டு கிழமையாகும், அண்ணை. பவுசர் தண்ணிக்கு எடுத்த ரிப்போட் பைலில கிடக்குது. அதுவே காணும்" என்றான் கபிலன். பொல்லாதவனல்ல அவன். அவனுக்கு மேலே இருக்கிறவர்கள் நாளுக்கு மூன்று தரம் போன் எடுத்து, தூண் எழும்பிவிட்டதா என்று கேட்டார்கள்.

அன்று ஆறு தூண்கள் கொட்டினார்கள்.

பின்னேரம் கைருன்னிசா ஒரு போத்தல் நிறையக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு வீட்டுக்குப் போனாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வாப்பாவின் கிணற்றுத் தண்ணீரில் நோன்பு திறக்கப் போகிறாள். சனூனிடம் அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு ஒரு மிடறு குடித்தாள்.

உப்பு. வாய் கரிக்கிற உப்பு. ஆழமாக்கினதில் கடல் கிணற்றுக்குள் வந்திருந்தது.

சனூனும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் சிலாவத்துறையில் இன்னொருவரின் படகில் தொழிலுக்குப் போகிறவன்; உப்புத் தண்ணீரை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"இதிலயா கொட்டினது?" என்று கேட்டான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கஞ்சி ஆறிப்போனது.

"வாயத் திறந்திடாத" என்றான் சனூன். "எங்களுக்கு வீட்டுத் திட்டத்தில இன்னும் பேர் விழேல்ல. திரும்பி வந்த முஸ்லிம் பொம்பிள ஒருத்தி கட்டடத்தையே கெடுத்துப்போட்டாளெண்டு கதை வந்தா, உனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் பாதிப்பு. விளங்குதா?"

அவளுக்கு விளங்கியது. அது விளங்கியதுதான் பயத்தை இரண்டு மடங்காக்கியது. அடுத்த நாள் காலை மிக்சர் ஓடத் தொடங்கியபோது சொல்லியிருக்கலாம். சந்தியோகு அண்ணன் நாலடி தள்ளித்தான் நின்றார். "அண்ணன்" என்று கூப்பிட்டும் விட்டாள். அவர் திரும்பி, "என்ன தங்கச்சி?" என்றார். "ஒண்டுமில்ல" என்றாள். மிச்சம் ஆறு தூண்களும் அதே தண்ணீரில் எழும்பின.

இரண்டு நாளுக்குப் பிறகு, கம்பி எண்ணிக்கொண்டிருந்த கபிலனிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சேர், உப்புத் தண்ணியில கொங்கிறீற் குழைச்சா என்னாகும்?"

"இப்ப ஒண்டும் ஆகாது. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குத் தூண் நல்லாத்தான் நிக்கும். பிறகு உள்ளுக்குக் கம்பி துருவேறி ஊதும். ஊதினா வெடிக்கும். ஏன் கேக்கிறியள்?"

"சும்மா, சேர்."

கபிலன் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரிய விரும்பவில்லையா என்பது அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்குகிறது. படித்தவர்களுக்கும் பயம் வரும். ஆனால் அவர்களுடைய பயத்துக்கு நல்ல சட்டை போட்டு விட்டிருப்பார்கள்.

பலகை கழற்றிய நாலாம் நாள், தூண்களின் மேல் வெள்ளை பூத்தது. உப்பு. முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு படை. அவள் நாளுக்கு நாலு தரம் விட்டதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தானே. அன்றிலிருந்து கைருன்னிசா மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக வேலைக்கு வந்தாள். வீட்டுக்கு அளந்து கொடுக்கிற குடிதண்ணீரில் ஒரு போத்தல் களவாகக் கொண்டுவந்து, சனூனின் பழைய சாரத் துண்டை நனைத்து, பன்னிரண்டு தூண்களையும் துடைத்தாள். நோயாளிப் பிள்ளைக்கு உடம்பு துடைக்கிற மாதிரித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அடுத்த நாள் மறுபடியும் பூத்தது. நோன்பு முடிந்து பெருநாள் வந்து போனது. பெருநாள் அன்றும் போய்த் துடைத்துவிட்டு வந்துதான் புதுப் புடவை கட்டினாள்.

படுத்தால் தூண்கள்தான் கண்ணுக்குள் வந்தன. மேலே இரண்டு மாடி. மாடிக்கு இருபது கட்டில். யார் யாருடைய பிள்ளைகளோ போர்வை உதறிப் படுக்கிறார்கள். பத்து வருடம், பதினொரு வருடம், பன்னிரண்டு வருடம். இவள் கணக்குப் போடுவாள். அப்போது தனக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும் என்பது வரை போடுவாள். பிறகு எழும்பி உட்கார்ந்துவிடுவாள்.

புரட்டாதி பிறக்க முன்னம் ஒரு வியாழக்கிழமை வங்கிக்காரர் வந்தார். அருட்பிரகாசம் என்று பெயர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த, மரியாதையான மனிதர். வெள்ளை வாகனத்தில் வந்து, கையில் பைலோடு இறங்கினார். கைருன்னிசா பயப்படுகிற இரண்டும் ஒரே ஆளில் வந்து நின்றன. வேலையாட்கள் எல்லாரும் வேலை செய்கிற மாதிரி நின்றார்கள். யாரும் வேலை செய்யவில்லை.

அவர் தூண் தூணாக நடந்தார். ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நல்ல சுத்தமா வைச்சிருக்கிறியள், கபிலன். நான் எத்தினையோ இடம் போறனான், இப்பிடிப் பாத்ததில்ல. ஆர் பாக்கிறது?"

"இந்த அக்காதான் சேர்" என்று கபிலன் அவளைக் காட்டினான். அருட்பிரகாசம் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்த மனிதர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திராது.

வெயில் மண்டையைப் பிளந்தது. கதிரை போட்டார்கள். அவர் பைலைத் திறந்து, பேனாவை எடுத்து வைத்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி தாங்கோவன்" என்று கேட்டார். கபிலன் கைருன்னிசாவைப் பார்த்தான். கொட்டிலுக்குள் குடிதண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன. கொட்டில் வாசலில் கிணற்றுத் தண்ணீர் வாளியும் இருந்தது. அவள் போகும்போது போத்தலை எடுக்கத்தான் போனாள். இதை அவள் பிறகு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள், நான் நம்புகிறேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாதவளுக்குக் கை முந்திக்கொண்டது. கிளாசை வாளிக்குள் விட்டு அள்ளினாள்.

அருட்பிரகாசம் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. பக்கத்தில் துப்பினார்.

"என்ன தண்ணி இது?"

கபிலனுடைய முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் அவன் கெட்டிக்காரன், உடனே சிரித்தான்.

"சொறி சேர், அது கைகால் கழுவ வைச்ச தண்ணி. அக்காவுக்கு மாறிப்போச்சு. குழைக்கிறது வேற தண்ணி சேர். ரிப்போட் பைலில இருக்குது." பிறகு அவளுடைய பக்கம் திரும்பினான். "மாறிப்போச்செல்லே, அக்கா?"

ஓம் என்று சொன்னால் போதும். ஒரு சொல். வாழ்க்கை முழுக்கக் கந்தோர்களில் அவள் சொல்லிப் பழகிய சொல். சொன்னால் கையெழுத்து விழும், நாற்பது பேருக்கும் சம்பளம் வரும், கபிலன் தப்புவான், வீட்டுத் திட்டத்தில் பெயர் வரும், சனூன் ஏச மாட்டான். நாற்பது பேரும் அந்தச் சொல்லுக்காக அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.

சரியாகக் கேட்கவில்லை. அருட்பிரகாசம், "என்னம்மா?" என்று குனிந்தார்.

"இல்ல, ஐயா. மாறேல்ல. இந்தத் தண்ணியிலதான் குழைச்சது. பன்னிரண்டு தூணும். நான் நோன்பு பிடிச்சிருந்தனான். நாக்கில வைக்காம நல்ல தண்ணியெண்டு சொல்லிப்போட்டன். தூணில உப்புப் பூத்தது. ஒவ்வொரு நாளும் துடைச்சதும் நான்தான். வேற ஒருத்தரிலயும் பிழையில்ல."

கடைசி வசனம் பொய். பிழை இன்னும் பலரிடம் இருந்தது. அருட்பிரகாசம் பைலில் இருந்த சோதனை அறிக்கையை எடுத்துத் திகதியைப் பார்த்தார், கபிலனைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். இரண்டு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் பிடிப்பித்து, ஒரு தூணில் கொஞ்சம் துளைத்தெடுத்து, வாகனத்தில் ஏறிப் போனார். கையெழுத்து வைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை போயிராது என்று நினைக்கிறேன். கைருன்னிசாவுக்கு ஒன்றும் லேசாகவில்லை. அன்றைக்குப் பயந்ததைவிட அடுத்த நாள் கூடப் பயந்தாள். வேலை நின்றது. வங்கி பண முடிச்சைக் கட்டிக்கொண்டது; அதைப் பார்த்துத் திறைசேரியும் கட்டிக்கொண்டது. பேசாலையிலிருந்து வந்த மேசன்மார் ஊருக்குப் போனார்கள். கம்பி கட்டுகிறவர்களில் ஒருவர் கடைத் தெருவில் அவளைக் கண்டு காறித் துப்பினார். சனூன் ஐந்து நாள் அவளோடு கதைக்கவில்லை. ஆறாம் நாள் வலை பின்னிக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்காமல், "மேல ஆர் படுக்கிறது?" என்று கேட்டான்.

"பொம்பிளப் பிள்ளையள்."

அதற்குப் பிறகு கதைக்கத் தொடங்கினான். ஆனால் அவனுடைய கோபமும் முழுக்கப் போகவில்லை.

நாலாம் கிழமை சோதனை முடிவு வந்தது. தாளில் ஏதோ இலக்கங்கள். உப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று கபிலன் வாசித்துச் சொன்னான். பன்னிரண்டு தூண்களையும் கட்டட வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் தன் செலவில் உடைத்து, புதிதாக எழுப்பினால்தான் வங்கி மறுபடியும் வரும். கபிலனுக்கு மாற்றல் கடிதம் வந்திருந்தது. தூண் உடைக்கிற வரைக்கும் நில் என்று சொல்லியிருந்தார்கள். உடைக்கிற வேலைக்குப் பாதிச் சம்பளத்தில் பழைய ஆட்களையே கூப்பிட்டார்கள். கல் அள்ளக் கைருன்னிசாவையும் வரச் சொன்னார்கள்.

முதல் தூணுக்கு முன்னால் சந்தியோகு பெரிய சம்மட்டியோடு நின்றார். சிலுவை போட்டுக்கொண்டு ஓங்கி அடித்தார். சம்மட்டி துள்ளித் திரும்பி வந்தது. தூணில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் விழுந்திருந்தது. மறுபடியும் அடித்தார். பத்துத் தரம் அடித்தபிறகு ஒரு சில்லுப் பறந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தூணைப் பார்த்தார். பிறகு எல்லாரும் கைருன்னிசாவைப் பார்த்தார்கள்.

"இதையோ பழுதெண்டு சொன்னனீங்கள்?" என்றார் அன்றைக்குக் காறித் துப்பிய கம்பி கட்டுகிறவர். "கருங்கல்லு மாதிரிக் கிடக்குது."

"உப்புத் தண்ணியில குழைச்சது முதல்ல இப்பிடித்தான் கெட்டியாகும்" என்றான் கபிலன். "கம்பியிலதான் பழுது. அது பிறகுதான் தெரியும்."

ஒருவரும் அவனை நம்பவில்லை. கள்ள அறிக்கை வைத்தவன் சொல்லுவதை யார் நம்புவார்கள்? தாளில் இருந்த இலக்கங்கள் அவர்களுக்கு விளங்கவில்லை. சம்மட்டி சொன்னது விளங்கியது.

ஒரு தூணுக்கு ஒரு நாள் போனது. கை வெடித்து, துணி சுற்றிக்கொண்டு அடித்தார்கள். பன்னிரண்டு நாளும் அவள் கல் அள்ளினாள். உள்ளுக்குள் கம்பியாவது சிவந்திருக்கும், அதைக் காட்டலாம் என்று ஒவ்வொரு தூணாகக் குனிந்து பார்த்தாள். கம்பி கடையில் வாங்கின மாதிரியே இருந்தது. கடைசித் தூண் விழுந்தபோது சந்தியோகு சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, "இவ்வளவு வைரமான தூணை நான் உடைச்சதே இல்ல, தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்து சனூனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி சிவக்காமல் இருந்ததையும் சொன்னாள்.

"அப்ப நீ சொன்னது சரியெண்டு எப்பிடித்தான் தெரியிறது?" என்று கேட்டான் அவன்.

"தெரியாது" என்றாள் கைருன்னிசா. "தெரியிறதெண்டா தூண் பன்னிரண்டு வருசம் நிண்டிருக்க வேணும். மேல பிள்ளையள் படுத்திருக்க வேணும்."

சொல்லி முடித்ததும், சொன்னதை நினைத்துத் தானே பயந்துபோய், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.